ஈயத்தாளில் மடித்த துத்தநாகம்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஈரம் ஏறாத பொருள் கிடையாது. ஆடி மாதம் பிறந்துவிட்டால் மழையும் பனிமூட்டமும் விடிந்தது முதல் பொழுது அடைகிறவரை வாசலிலேயே நிற்கும். உப்பு கரைந்து ஓடும். தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் கழன்று வரும். கற்பூரம் பிசுபிசுக்கும். இதற்கெல்லாம் எங்கள் ஆட்களிடம் இருந்த ஒரே பரிகாரம் ஈயத்தாள். தேயிலைப் பெட்டிக்குள் தூளில் ஈரம் படாமல் இருக்க விரிப்பார்களே, அந்த மினுக்குத் தாள். என் வீட்டுக்காரர் ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலை ஆலையில், தூள் கட்டும் அறையில் வேலை பார்த்தார். பெட்டி போய்ப் பை வந்த காலத்திலும் அதற்குள் ஈயத்தாள் இருந்தது. கிழிந்து கழிவாகும் துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவார். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் உப்பு, கற்பூரம், திருநீறு, பூசணி விதை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஈயத்தாளில்தான் இருந்தன.

அதை மடிக்கவும் ஒரு முறை உண்டு. விளிம்பை இரண்டு தரம் உள்ளே மடித்து, மூலையை முக்கோணமாக்கி, நகத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும். தேய்த்த பிறகு எங்கே வாய் மூடியது என்று தெரியக் கூடாது. என் மகள் பள்ளிக்கூடம் போகும் முன்னமே அந்த மடிப்பைப் பழகிவிட்டாள். இதை முதலில் சொல்லக் காரணம், அவளைப் பிடித்துக்கொண்டு போனது அந்த மடிப்பினால்தான்.

எனக்கு எழுத்து அதிகம் வராது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு இருந்தேன். மீதியை மகளின் பழைய கொப்பிகளைப் பார்த்து எட்டிப் பிடித்தேன். இருந்தாலும் இதை நானேதான் எழுதுகிறேன். என் மகளைப் பற்றிச் சிங்களத்திலும் இங்கிலீசிலும் மற்றவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். தமிழில் எழுத நான் இருக்கிறேன்.

பிறந்த மூன்று பிள்ளைகளில் தங்கியது அவள் ஒருத்தி. தொண்ணூறுகளில் எங்கள் லயத்துக்குக் கரண்டு வரவில்லை. குப்பி விளக்கில் படித்தாள். அட்டன் டவுனில் இருந்த பெரிய பள்ளிக்கூடத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இரசாயன வாத்தியார் ஒருவர் அவளைக் கவனித்தார். அவள் கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது எங்கள் தோட்டத்திலிருந்து அந்த வாசலை மிதித்த முதல் பெண் அவள்தான். நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பட்டம் எடுத்த பிறகும் அவள் திரும்பவில்லை. அங்கேயே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். என்ன ஆராய்ச்சி என்று அவள் அப்பா கேட்டார். லீவில் வந்திருந்தவள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்.

"லைட்டு செய்றேங்கப்பா. பல்பு மாதிரி இல்ல. ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு. அதுமேல ஒன்னுக்கு மேல ஒன்னா பூச்சு பூசுவோம். நடுவுல இருக்க பூச்சுதான் எரியும்."

"மத்த பூச்செல்லாம் என்னத்துக்கு?"

"கரண்டக் கொண்டாந்து சேக்கறதுக்கு. இப்ப மலையில கொழுந்து எடுக்கிறீங்க. கொழுந்து ஒரு பக்கத்துலேர்ந்து வருது. வெறுஞ்சாக்கு இன்னொரு பக்கத்துலேர்ந்து வரணும். நிறுக்கிற எடத்துல ரெண்டும் சேந்தாத்தான் லொறியில ஏறும். அது மாதிரி ஒரு பக்கம் கரண்டு வருது, மறுபக்கம் அது வந்து உக்கார வேண்டிய காலி எடம் வருது. ரெண்டும் நடுப் பூச்சுல சந்திச்சா வெளிச்சம்."

"சந்திக்கலைன்னா?"

அவள் என்னைப் பார்த்தாள். "கொழுந்து குவிஞ்சு கெடந்தா என்னம்மா ஆகும்?"

"சூடேறி செவந்து போகும்."

"அதேதான். வெளிச்சமா ஆக வேண்டியது வெறும் சூடாப் போயிரும். கண்ணாடியும் சீக்கிரம் செத்துரும். கரண்டு நேரா நடுப் பூச்சுக்குப் போய்ச் சேர்ற பாதையப் போடுறதுதான் என் வேலை. துத்தநாகத்துலேர்ந்து வர்ற வெள்ளப் பொடியில போடுறேன். ரொம்பப் பொடிசு. ஒரு தலைமயிர் அகலத்துக்குள்ள ஆயிரக்கணக்குல அடுக்கலாம்."

"அம்புட்டுப் பொடிசு என்னத்துக்கு?"

"பெருசா இருந்தா பாதை மேடு பள்ளமாப் போயிரும். கரண்டு ஒரே எடத்துல பாய்ஞ்சு கருகிரும். பொடிசா இருந்தாத்தான் தண்ணி மாதிரி கரைச்சு ஊத்தி வழுவழுன்னு பூச முடியும்."

துத்தநாகம் என்றால் சிங்க்தான் என்று அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. செடியை வெட்டிவிடும் கவ்வாத்து முடிந்து துளிர் வரும் காலத்தில் மலைக்கு சிங்க் அடிப்பார்கள். இலையெல்லாம் வெள்ளைப் புள்ளியாக இருக்கும். எங்கள் கை, முழங்கை, முகம் வரைக்கும் அந்த வெள்ளை.

"நாங்க அடிக்கிறதேதானா அது?"

"அதோட தங்கச்சின்னு வச்சுக்கம்மா."

அவள் அப்பா என்னைக் கைகாட்டினார். "உங்கம்மா கல்யாணம் கட்டுனதுலேர்ந்து சிங்க் அடிச்ச மலையிலதான் நிக்கிறா. ரெண்டு வயர மாட்டிப் பாரு, எரிவா."

"எரியிறது இருக்கட்டும், உங்களத்தான் மொதல்ல பொசுக்குவேன்" என்றேன். அவருக்கு இருமல் வந்து சிரிப்பு நின்றது. தூள் அறையில் வேலை செய்தவர்களுக்கு எல்லாம் அந்த இருமல் உண்டு.

அந்தப் பூச்சு அவளுக்கு லேசில் சரி வரவில்லை. பொடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும் என்பாள். ஒட்டாமல் வைத்தால் கரண்டு அளவுக்கு மேல் ஓடி வருகிறது என்பாள். எரிந்தது, ஆனால் கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டது என்பாள். ஈரக் காற்றுப் பட்டால் எரிகிற இடத்தில் கறுப்புப் புள்ளி விழுமாம். அது நாளுக்கு நாள் பரவுமாம். அதைக் கேட்டதும், இவ்வளவு ஈரம் உள்ள ஊரில் பிறந்தவள் இந்த வேலையை ஏன் பிடித்தாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவள் முகம் அந்தப் பேச்சில்தான் தெளிவாக இருக்கும்.

இரண்டாயிரம் தாண்டிச் சில வருடங்களில் வடக்கில் புலிகளுக்கும் அரசாங்கத்துக்கும் நடந்த சண்டை மறுபடி மூண்டது. எங்கள் மலைக்குக் குண்டு வரவில்லை. சோதனைச் சாவடிதான் வந்தது. பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்து, தமிழ்ப் பேர் என்றால் பையைக் கொட்டச் சொல்வார்கள். எங்கள் இளசுகள் டவுனுக்குப் போவதையே குறைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில் பல்கலைக்கழகத்தில் ஏதோ தகராறு என்று திடீரென்று மூடினார்கள். விடுதியை உடனே காலி பண்ணச் சொன்னார்கள். ஆய்வுகூடத்தைப் பூட்டப் போகிறார்கள், கரண்டையும் நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவளுக்குப் பதற்றம். அங்கே ஈரம் இல்லாமல் காக்கிற பெட்டி கரண்டில் ஓடுவது. அது நின்றால் மாதக்கணக்கில் பண்ணியதெல்லாம் வீண். நன்றாக வந்திருந்த இரண்டு கண்ணாடித் துண்டுகளையும் ஒரு பிடி வெள்ளைப் பொடியையும் வீட்டுக்கு எடுத்து வரத் துணிந்தாள். எரித்துப் பார்க்க மெல்லிய கம்பிச் சுருளும் ஒரு பேட்டரியும் எடுத்தாள். படித்த மற்றப் பிள்ளையாக இருந்தால் பொடியைப் போத்தலில் போட்டு, பேர் ஒட்டி, பேராசிரியரிடம் ஒரு கடிதமும் வாங்கி வந்திருக்கும். இவள் லயத்துப் பிள்ளை. ஈரம் படக் கூடாது என்றால் அவள் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். பொடியையும் கண்ணாடியையும் ஈயத்தாளில் வைத்து, விளிம்பை இரண்டு தரம் மடித்து, வாய் தெரியாமல் நகத்தால் தேய்த்து, உடுப்புக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

நான் மலையில் நின்றேன். தூறல். பக்கத்து டிவிஷனில் இருந்து டவுனுக்குப் போய்த் திரும்பிய பெண் ஒருத்தி பாதையில் நின்றே கூப்பிட்டாள்.

"அக்கா! உங்க புள்ளைய பஸ்ஸுலேர்ந்து எறக்கிட்டாங்கக்கா!"

"என்னத்துக்கு?"

"பையில என்னமோ இருந்திச்சாம். எங்க எல்லாத்தையும் தூரப் போகச் சொல்லிட்டாங்க. யாரும் கிட்டப் போகல."

கூடையை இறக்கி வைத்தேன். தலையில் போட்டிருந்த கம்பளியோடேயே நடந்தேன். ஸ்டோர் வாசலில் நின்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் தலை, புருவம் எல்லாம் தேயிலைத் தூசி. அப்படியே வந்தார்.

ஸ்டேஷனில் அவளை ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். முன்னால் ஒரு மேசை. அதன்மேல் அவள் பையில் இருந்ததெல்லாம் பரப்பிக் கிடந்தது. பெரிய அதிகாரி மேசையை விட்டுத் தள்ளிச் சுவரோரம் நின்றார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வந்தது.

"அம்மே, இது உங்க மகளா?"

"ஆமாங்க."

"இந்தப் பொடி என்ன?"

"லைட்டு செய்ற பொடிங்க."

"லைட்டு." அவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவர் சிரித்தார். "கம்பி இருக்கு. பேட்டரி இருக்கு. பொடி இருக்கு. ஏன் ஈயத்தாள்ல சுத்தினது? மெஷின்ல காட்டாம இருக்கத்தானே?"

"ஈரம் படாம இருக்கங்க. எங்க வீட்ல உப்பும் அப்படித்தான் இருக்கு."

"உப்பு." மறுபடி சிரிப்பு.

என் வீட்டுக்காரர் அவர் காலைத் தொடக் குனிந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். எங்கள் பிள்ளை திருடவில்லை.

மகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். நல்ல சிங்களத்தில் பேசினாள். எரித்துக் காட்டுகிறேன், பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள் என்றாளாம். அதிகாரி யோசித்தார். பிறகு எல்லோரையும் கதவுப் பக்கம் போகச் சொன்னார். ஒரு பொலிஸ்காரர் துவக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். அவள் ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து, கம்பியை முறுக்கி, பேட்டரியில் வைத்தாள். இரண்டு பெரிய ஜன்னல். மழை ஓய்ந்து வெயில் வேறு வந்திருந்தது. ஒன்றும் தெரியவில்லை.

"எங்கே லைட்டு?"

"வெளிச்சம் கம்மியா இருக்கும் சேர். ஜன்னல மூடினா தெரியும்."

ஜன்னலை மூடு என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "மூட வேணாம். ஒண்ணும் மூட வேணாம்."

அவள் உள்ளங்கையைக் குவித்து நிழல் காட்டிப் பார்த்தாள். போதவில்லை. நான் யாரையும் கேட்காமல் மேசைக்குப் போனேன். துவக்கு வைத்திருந்தவர் சத்தம் போட்டார். நான் நிற்கவில்லை. கம்பளியை எடுத்து அவள் தலை, என் தலை, அந்தக் கண்ணாடி எல்லாவற்றையும் சேர்த்துப் போர்த்தினேன்.

உள்ளே இருட்டு. ஈரக் கம்பளி நாற்றம். அவள் மூச்சு. பிறகு நகத்தளவு இடத்தில் ஒரு வெளிச்சம். இழுத்த பீடி முனை மாதிரிச் செம்மஞ்சள். ஆனால் அசையவில்லை, புகையவில்லை. அங்கங்கே கறுப்புப் புள்ளி இருந்தது. அந்த வெளிச்சத்தில் என் மகளின் மூக்கு நுனியும் உதடும் தெரிந்தன. "எரியுதும்மா" என்றாள், அவளுக்கே நம்பிக்கை இல்லாத மாதிரி.

"எரியுது ஐயா!" என்று நான் உள்ளே இருந்தே கத்தினேன். "வந்து தலைய விட்டுப் பாருங்க!"

யாரும் வரவில்லை. நான் கம்பளியின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தேன். அதிகாரி இரண்டு அடி எடுத்து வைத்தார், நின்றுவிட்டார். அவர் பயந்தது வெடிக்கும் என்றா, தோட்டத்துக்காரியின் கம்பளிக்குள் தலையை நுழைப்பதா என்றா, எனக்குத் தெரியாது. இரண்டும் இருக்கலாம். "அம்மே, வெளிய வாங்க" என்று மட்டும் சொன்னார்.

"ஒரு நிமிஷம் பாருங்கய்யா. நெருப்பு இல்லங்க. சுடாதுங்க."

"வெளிய வாங்க!"

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கறுப்புப் புள்ளிகள் ஒன்றாகச் சேர்ந்து அது அணைந்துவிட்டது. இன்னொரு கண்ணாடியைத் தொட அவர்கள் விடவில்லை. அது எரிந்ததற்கு நானும் அவளும்தான் சாட்சி. தாயும் மகளும் சாட்சி சொன்னால் எந்தச் சட்டம் கேட்கும்?

மறுநாள் எங்கள் காம்பராவைச் சோதிக்க வந்தார்கள். லயமே இஸ்தோப்புத் திண்ணையில் நின்று பார்த்தது. நான் சொன்னது பொய் இல்லை என்று அவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று அலமாரியை நானே திறந்துவிட்டேன். பார்த்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஈயத்தாள் பொட்டலம். ஒவ்வொன்றாகக் கிழித்தார்கள். உப்பு, வெள்ளைப் பொடி. திருநீறு, அதுவும் வெள்ளைப் பொடி. கற்பூரம், மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி வைத்தார்கள். எல்லாவற்றையும் பையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து எடுத்துப் போனார்கள். பிறப்புச் சான்றிதழையும் சேர்த்துத்தான்.

"சாமி திருநீறுங்க அது" என்று வீட்டுக்காரர் பின்னாலேயே போனார்.

"லெபோட்டரியில சொல்லட்டும்" என்றார் வந்தவர்.

அதற்குப் பிறகு அவளைக் கொழும்புக்குக் கொண்டு போனார்கள். தடுப்புக் காவல் என்றார்கள். பிறகு ரிமாண்ட் என்றார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், நடுவில் சத்தம். ஒவ்வொரு தரமும் மெலிந்திருந்தாள். ஒரு தரம் முடியைக் கத்தரித்திருந்தாள். பேன் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நானும் தோண்டிக் கேட்கவில்லை. கேட்டால் அவள் பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

லயத்தில் முதலில் அழுதவர்கள், மாதம் போகப் போகத் தள்ளி உட்கார்ந்தார்கள். தண்ணி பிடிக்கிற பீலிக் குழாயடியில் ஒருத்தி வாய் கொழுத்துக் கேட்டாள்.

"ஏங்க மாமி, உங்க மக லைட்ட எரிக்கச் செஞ்சாளா, நாட்டு லைட்டெல்லாம் அணைக்கச் செஞ்சாளா?"

"ஒன் வீட்ல அடுப்பே எரியாது, ஒனக்கு ஏன்டி லைட்டுப் பேச்சு?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு நான் நேராகத்தான் நடந்து வந்தேன். வீட்டுக்குள் வந்த பிறகு கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருந்தது.

அவளுடைய பேராசிரியர் சிங்களவர். வயசாளி. அவர் வழக்குக்கு ஒவ்வொரு தவணையும் வந்தார். மற்றவர்கள் வேண்டாம் என்று தடுத்தும் வந்தாராம். அது துத்தநாகப் பொடி, வெளிச்சம் தரும் கண்ணாடியில் கரண்டைக் கடத்த வைப்பது, இதே சாமான் பிள்ளைகளுக்குப் பூசும் பவுடரிலும் இருக்கிறது என்று விளக்கினார். அரசாங்க வக்கீல் எழும்பி ஒரு கேள்வி கேட்டார். இந்தப் படிப்புப் படித்த ஒருவர் நினைத்தால் வெடிமருந்தும் செய்ய முடியுமா? பேராசிரியர் பொய் பேசத் தெரியாத மனுசன். இரசாயனம் படித்த யாராலும் முடியும், என்னாலும் முடியும் என்றார். முடியும் என்றதைத்தான் எழுதிக்கொண்டார்கள். பொடியைச் சோதித்த அறிக்கை வந்தால் எல்லாம் விளங்கும் என்றார் எங்கள் வக்கீல். அறிக்கை வரவில்லை. அடுத்த தவணை, அதற்கடுத்த தவணை என்று போய்க்கொண்டே இருந்தது.

ஒரு நாள் வக்கீல் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மா, ஒரு வழி இருக்கு. குற்றத்த ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டா புனர்வாழ்வுன்னு ஒரு வருஷம் அனுப்புவாங்க. அதோட வெளிய வந்துரலாம். இல்லைன்னா இது எத்தன வருஷம் இழுக்கும்னு எனக்கே சொல்லத் தெரியாது."

என் வீட்டுக்காரருக்கு அது சாமி வாக்கு மாதிரி இருந்தது. அன்றைக்கே கம்பிக்குப் பக்கத்தில் நின்று மகளிடம் கெஞ்சினார்.

"ஒரு கையெழுத்துத்தானே ஆயி. போட்டுட்டு வந்துரு. நம்ம தோட்டத்துல யாரு அதப் படிக்கப் போறா?"

"தோட்டத்துல படிக்க மாட்டாங்கப்பா. யுனிவர்சிட்டில படிப்பாங்க. வெடிமருந்து செஞ்சேன்னு நானே எழுதிக் குடுத்துட்டா, பொறகு எந்த லேப்புக்குள்ள என்னைய விடுவாங்க? ஒரு போத்தலத் தொட விடுவாங்களா?"

"லேப்பு கெடக்குது ஆயி. எனக்கு நீ வேணும்."

"எனக்கு அது வேணும்ப்பா." குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பாதை முக்காவாசி போட்டாச்சு. கொஞ்சம்தான் பாக்கி. கையெழுத்து இல்லாம வெளிய வந்தா முடிச்சிருவேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார். பேர் அவளுடையது. அதை விற்பதா வைத்துக்கொள்வதா என்று அவள்தான் சொல்ல வேண்டும். திரும்பி வரும் ரயிலில் அவர் என்னை விட்டுத் தள்ளி வேறு சீட்டில் உட்கார்ந்தார். அட்டனில் இறங்கும்போது, "ஒன்னைய மாதிரியே பெத்து வச்சிருக்க" என்றார். திட்டினாரா, இல்லையா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

இருமல் அவரை அடுத்த மழைக்காலத்தில் கொண்டு போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது மகள் வருகிறாளா என்று கேட்டார். வருகிறாள் என்றேன். வக்கீல் ஓடி ஓடி அனுமதி கேட்டார். சாவுக்கு அவளைக் கூட்டி வர விடுவார்கள் என்று லயத்து ஆட்கள் பொறுத்திருந்து பார்த்தார்கள். மழையில் எவ்வளவு நேரம் வைத்திருக்க முடியும்? எடுத்துவிட்டோம். அடக்கம் பண்ணி முடிந்த பிறகு ஜீப் வந்தது. இரண்டு பெண் பொலிஸ்காரருக்கு நடுவில் இறங்கினாள். தேயிலைச் செடிகளுக்கு ஊடாகப் போகும் வழியில் செருப்பில்லாமல் நடந்து போய், சேற்று மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் விலங்கு இருந்ததால் அவளால் மண் அள்ளிப் போட முடியவில்லை. ஒரு பெண் பொலிஸ் குனிந்து ஒரு பிடி எடுத்து அவள் விரலுக்குள் வைத்துவிட்டது. சின்ன வயசுப் பெண். அதன் முகம் எனக்கு மறக்கவில்லை.

சண்டை முடிந்து, வெடி கொளுத்திக் கொண்டாடி, அதற்கும் பிறகுதான் அறிக்கை வந்தது. கோர்ட்டில் வாசித்ததை வக்கீல் எனக்குத் தமிழில் சொன்னார். பஸ்ஸில் எடுத்த பொடி துத்தநாக ஒக்சைட். வீட்டில் எடுத்தவை சமையல் உப்பு, கற்பூரம், மாட்டுச் சாணத்துச் சாம்பல். எங்கோ பின்னால் ஒருவர் சிரித்தார். நீதிபதி சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்து அரசாங்க வக்கீலைப் பார்த்தார். அன்றைக்கே வழக்கைத் தள்ளிவிட்டார். மகள் கூண்டிலிருந்து இறங்கினாள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்படி ஒரு வழக்கம் இருப்பதாக எனக்கும் தெரியாது.

வெளியே வந்த கிழமையே பல்கலைக்கழகத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன். கட்டடத்துக்கு வெளியே ஒரு மரத்தடியில் என்னை உட்கார வைத்துவிட்டு, சேலையைச் சரிபண்ணிக்கொண்டு உள்ளே போனாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வெள்ளைக் கோட்டோடு போனார்கள், வந்தார்கள்.

திரும்பி வந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் புல்லைப் பிடுங்கினாள்.

"சேர் ரிட்டையர் ஆயிட்டாரும்மா. புது ஆளு இருக்காரு. நல்லாத்தான் பேசுனாரு. தேத்தண்ணி குடுத்தாரு."

"என்ன சொல்றாரு?"

"நான் பதிஞ்சது காலாவதியாம். புதுசாப் பதியணுமாம். பதியிறதுக்கு மொதல்ல பொலிஸ் கிளியரன்ஸ் வேணுமாம், கெமிக்கல் தொடுறதுனால."

"நீதான் குத்தம் இல்லைன்னு கோட்டுல சொல்லியாச்சே."

"சொல்லியாச்சு. ஆனா கேஸ் இருந்திச்சுன்னு எழுதியிருக்கில்ல. அது இருக்கற வரைக்கும் கிளியரன்ஸ் தர மாட்டாங்களாம்."

"ஒன் பாதை?"

"அது வேற நாட்டுல போட்டுட்டாங்கம்மா. கம்பியூட்டர்ல காட்டுனாரு. நான் நின்ன எடத்துலேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள முடிச்சிருக்காங்க. நல்லா முடிச்சிருக்காங்க." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பொலிஸ் கிளியரன்சுக்கு இரண்டு தரம் எழுதினாள். முதல் தரம் பதில் வந்தது, முடியாது என்று. அடுத்த தரம் பதிலே வரவில்லை. இப்போது அட்டனில் ஒரு ட்யூஷன் கொட்டகையில் கணக்குப் படிப்பிக்கிறாள். விஞ்ஞானம் படிப்பிக்கச் சொல்லிக் கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டாள். கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று வந்து, ஜெயிலில் இருந்தவள் என்று தெரிந்ததும் நின்றது. அதற்காக நான் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம். இரண்டு பேரும் இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அவள் தண்டை உடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அன்னைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தா அப்பாவ உசுரோட பாத்திருப்பேன், இல்லம்மா?"

"பாத்திருப்ப."

"லேப்புக்குள்ள அப்பவும் விட்டிருக்க மாட்டாங்க."

"மாட்டாங்க."

"இப்பவும் விடல."

நான் பழுத்த இலையைப் பிரித்துத் தள்ளி வைத்தேன்.

"சில நாளைக்கு, போடாததுதான் சரின்னு இருக்கும். சில நாளைக்கு, போட்டுத் தொலைச்சிருக்கலாம்னு இருக்கும்."

"இன்னைக்கு?"

"இன்னைக்குப் போட்டிருக்கலாம்னுதான் இருக்கு."

நாளைக்கு வேறு மாதிரி இருக்கும் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்படிப்பட்ட ஆறுதலைக் கேட்கிற பிள்ளை அவள் இல்லை. சொல்கிற ஆள் நானும் இல்லை. தண்டு முற்றிப் போயிருந்ததைச் சொன்னேன். ஆமாம் என்றாள். மீதிக் கீரையையும் ஆய்ந்து முடித்தோம்.